படபடப்பு நிற்பதற்குள்

2021 அக்டோபர் 29 காலை, கன்னட நடிகர் புனித் ராஜ்குமாருக்கு உடற்பயிற்சி முடிந்த கையோடு நெஞ்சில் ஏதோ சரியில்லை என்று பட்டது. குடும்ப மருத்துவரிடம் போனார். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே போய்ச் சேர்ந்தபோது இதயத்தில் மின் அசைவே இல்லை, அதாவது 'அசிஸ்டோலி' நிலை என்று மருத்துவமனை அறிக்கை சொன்னது. அவருக்கு வயது 46. அதன்பின் பெங்களூரு ஜெயதேவா இதயநோய் மருத்துவமனையில் இளைஞர் கூட்டம் பெருகியது. 2025 ஜூன் மாதம் ஹாசன் மாவட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் அடுத்தடுத்து இதயக் கோளாறால் இறந்ததாகச் செய்தி வந்ததும் மறுபடி அதே கூட்டம். விடியற்காலையிலேயே வந்து வரிசையில் நின்றார்கள். ஜெயதேவாவின் அப்போதைய இயக்குநர் டாக்டர் ரவீந்திரநாத் தலைமையில் அமைந்த குழு ஆராய்ந்து பார்த்து, மாவட்டத்தில் இதய மரணங்கள் திடீரென்று பெருகிவிடவில்லை என்று அறிக்கை கொடுத்தது.

வரிசையில் நின்ற பெரும்பாலோருக்கு இசிஜி 'நார்மல்' என்று வந்திருக்கும். ஒரு விஷயத்தை அவர்களிடம் யாராவது சொன்னார்களா என்று தெரியவில்லை. வழக்கமான இசிஜி பதிவு செய்வது ஏறத்தாழ 10 விநாடி மட்டுமே. நாளொன்றுக்கு ஒரு லட்சம் தடவை துடிக்கும் இதயத்தில் பத்துப் பன்னிரண்டு துடிப்புகளை அது பார்க்கிறது. மாரடைப்பு நடந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் அதில் தடயம் கிடைக்கும். வந்து அரைமணி நேரம் ஆட்டிவைத்துவிட்டுப் போய்விடும் துடிப்புக் கோளாறு அதில் சிக்காது.

பெங்களூருவின் ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன், மாருதி சேவா நகர் பக்கத்து கிளினிக்குகளில் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் ஒரே புகாரைக் கேட்கலாம்: "வீட்டுல இருக்கும்போது படபடனு அடிச்சுது டாக்டர். இங்க வந்ததும் நின்னுபோச்சு." பலருக்கும் இதற்குக் கிடைக்கும் பதில் இரண்டுதான்: கேஸ், அல்லது டென்ஷன்.

தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும்

ஒரு வீட்டில் தண்ணீர்க் குழாய் வேறு, மின்கம்பி வேறு. குழாயில் அடைப்பு விழுந்தால் பிளம்பர் வருவார், கம்பியில் கோளாறு என்றால் எலக்ட்ரீஷியன். இதயத்திலும் அப்படித்தான். ரத்தக்குழாய் அடைபட்டால் மாரடைப்பு. மின்பாதையில் பிசகு வந்தால் துடிப்பின் தாளம் கெடுகிறது. மாரடைப்பு வந்த தசை மின்பாதையையும் கெடுத்து உயிரை எடுப்பதுண்டு. ஆனால் குழாய்களெல்லாம் சுத்தமாக இருப்பவருக்கும் தாளம் தப்பலாம். ஆஞ்சியோகிராமில் ஒன்றும் இல்லை என்ற பிறகும் படபடப்பு தொடர்ந்தால் வியக்க வேண்டியதில்லை. அந்தச் சோதனை பார்த்தது குழாயை மட்டும்தான்.

இதயத்தின் வலது மேலறையின் உச்சியில் 'சைனஸ் முடிச்சு' என்ற சிறு திசுக்கட்டு இருக்கிறது. ஆர்தர் கீத்தும் மார்ட்டின் ஃப்ளாக்கும் 1907-இல் இதைக் கண்டறிந்தார்கள். யாரும் தூண்டாமலே நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை மின்துடிப்பை உண்டாக்குவது இதுதான். துடிப்பு மேலறைகளில் பரவி, நடுவில் உள்ள 'ஏவி முடிச்சு'க்கு வருகிறது. அங்கே விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தாமதம். மேலறை சுருங்கி ரத்தத்தைக் கீழறைக்குத் தள்ளி முடிக்க இந்த அவகாசம் வேண்டும். பிறகு கிளைக் கம்பிகள் வழியே கீழறைகள் முழுக்க ஒரே மூச்சில் பாய்கிறது.

இந்தப் பாதை மூன்று விதமாகக் கெடும். முடிச்சு அல்லாத வேறோர் இடம் தானாகவே துடிப்பை உண்டாக்கத் தொடங்கும். அல்லது, ஒரு துடிப்பு முடிந்த சூட்டிலேயே அதன் வாலைப் பிடித்து இன்னொன்று கிளம்பும். அல்லது, மின்னோட்டம் முன்னே போகாமல் ஒரு வட்டப்பாதையில் சிக்கித் திரும்பத் திரும்பச் சுற்றும். திடீரென்று தொடங்கித் திடீரென்று நிற்கும் வேகத் துடிப்புகளில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது வகை.

இசிஜி தாளில் 'ரைட் பண்டில் பிராஞ்ச் பிளாக்' என்று அச்சாகி வந்ததைப் பார்த்து, ரத்தக்குழாயில் அடைப்பு என்று எண்ணி ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தவர்கள் உண்டு. அது கிளைக் கம்பியில் ஏற்பட்ட தாமதம். வேறு நோய் இல்லாதவர்களுக்கு, வலப்பக்கக் கிளையில் மட்டும் அது இருந்தால் பெரும்பாலும் தீங்கில்லை.

எப்படி அடிக்கிறது என்பதே பாதிச் செய்தி

மருத்துவரிடம் "படபடப்பு" என்று மட்டும் சொன்னால் போதாது. எப்படித் தொடங்கியது, எப்படி நின்றது, சீராக அடித்ததா, தாறுமாறாக அடித்ததா? இவற்றைச் சொன்னால் அனுபவமுள்ள மருத்துவர் பாதித் தூரம் வந்துவிடுவார்.

"நெஞ்சுல ஒரு தடவை தூக்கிப் போட்டுச்சு, அப்புறம் ஒண்ணுமில்ல" என்பவர்களுக்குப் பெரும்பாலும் இருப்பது கூடுதல் துடிப்பு. முறைக்கு முன்பே ஒரு துடிப்பு வந்துவிடும், அடுத்தது வர சற்று இடைவெளி விழும், அந்த இடைவெளிக்குப் பின் வரும் துடிப்பு பலமாக அறையும். தூக்கிப் போட்டதாக நாம் உணர்வது அந்தக் கடைசி அறையைத்தான். நல்ல ஆரோக்கியமுள்ள பலருக்கும் இது வரும். தூக்கம் கெட்டால் கூடும். எக்கோ பரிசோதனையில் இதயத்தசை நன்றாக இருந்து, துடிப்புகளும் சிலவே என்றால், பயப்பட வேண்டாம் என்பதே பாதி சிகிச்சை. நாள் முழுக்க ஆயிரக்கணக்கில் வந்தால் கதை வேறு. அப்போது இதயத்தசையே காலப்போக்கில் தளரலாம் என்பதால் கண்காணிக்க வேண்டும்.

விசை போட்டதுபோல் சட்டென்று தொடங்கி, நிமிடத்துக்கு 150 முதல் 220 வரை சீராக ஓடி, சட்டென்று நிற்பது 'எஸ்விடி'. கழுத்து ரத்தக்குழாய் துடிப்பது கண்ணாடியில் தெரியும் என்பார்கள். முடிந்தபின் நிறையச் சிறுநீர் போகும். இளம் பெண்களிடம் இது அதிகம். மன அழுத்தம் என்று சொல்லி வருடக்கணக்கில் தூக்க மாத்திரை கொடுக்கப்படுவதும் இவர்களுக்குத்தான். பதற்றத்தால் வரும் வேகம் படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்கும். எஸ்விடிக்கு அந்தப் படிகள் கிடையாது. இந்த ஒரு வேறுபாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் நம் வெளிநோயாளர் பிரிவுகளில் கிடைப்பதில்லை.

எஸ்விடியை வீட்டிலேயே நிறுத்தப் பார்க்கலாம். மருத்துவர் ஒருமுறை நோயை உறுதி செய்து, முறையைக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உட்கார்ந்தபடி ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சின் வாயில் 15 விநாடி அழுத்தி ஊத வேண்டும். உடனே மல்லாந்து படுக்க, இன்னொருவர் கால்களைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். 2015-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், கால் தூக்காத பழைய முறையில் 17 சதவீதம் பேருக்கு நின்றது, இந்த முறையில் 43 சதவீதம் பேருக்கு. செலவே இல்லாத சிகிச்சைக்கு இவ்வளவு பலன் அபூர்வம். அடிக்கடி வருபவர்களுக்கு, தொடை ரத்தக்குழாய் வழியே மெல்லிய கம்பி செலுத்தி அந்த வட்டப்பாதையைச் சுட்டு அறுக்கும் 'அப்லேஷன்' இருக்கிறது. பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அத்தோடு பிரச்சினை தீர்கிறது.

எந்த ஒழுங்கும் இல்லாமல், இரண்டு துடிப்புக்கு இடையிலான நேரம் ஒவ்வொரு தடவையும் மாறி மாறி அடித்தால் அது 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' ஆக இருக்கலாம். மேலறைகள் நிமிடத்துக்கு 350-க்கும் மேல் மின்னதிர்வு கண்டு, சுருங்காமல் வெறுமனே நடுங்குகின்றன. ரத்தம் அங்கே தேங்கி உறைகிறது. உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவருக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு. சிலருக்குப் படபடப்பே தெரியாது, மூச்சு வாங்கும், சோர்வாக இருக்கும். வாய் கோணி, ஒரு கை விழுந்த பிறகுதான் நாடியைப் பார்க்கிறார்கள்.

கீழறையிலிருந்து கிளம்பும் வேகத் துடிப்பு வேறு ரகம். பழைய மாரடைப்பின் தழும்பு, வீங்கித் தளர்ந்த இதயத்தசை, பிறவியிலேயே வரும் மின்கோளாறு இவற்றின் மேல் அது வரும். மயக்கத்தோடு வரும். அது கீழறை நடுக்கமாக மாறினால் சில விநாடிகளில் நினைவு போய்விடும்.

மெதுவாகிப் போகும் இதயம்

வேகத்துக்குப் பயப்படுபவர்கள் மந்தத்தைக் கவனிப்பதில்லை. எழுபது வயதுக்காரர் குளியலறையில் விழுகிறார். வழுக்கிவிட்டது என்கிறார்கள். தரை காய்ந்துதான் இருந்திருக்கும். சைனஸ் முடிச்சு தேய்ந்து போனாலும், மேலறைக்கும் கீழறைக்கும் இடையே தொடர்பு அறுந்தாலும் துடிப்பு நிமிடத்துக்கு 30, 40 என்று இறங்கும். சில விநாடிகள் நின்றே போகும். மாடிப்படி ஏறினால் கண் இருட்டும். பேஸ்மேக்கர் இதற்குத் தீர்வு. நன்றாக ஓடிப் பழகிய இளைஞருக்கு 45 இருந்தால் அது அவருடைய பயிற்சியின் பலன், நோயல்ல.

ஏன் வருகிறது

காரணத்தை இதயத்துக்குள் மட்டும் தேடினால் பாதி தவறிப்போகும். தைராய்டு அதிகம் சுரந்தாலும், ரத்தசோகை முற்றினாலும் இதயம் விரட்டப்படும். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு, கட்டுப்பாடில்லாத ரத்த அழுத்தம், பருமன் ஆகியவை மேலறை நடுக்கத்துக்கு வழி போடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை அளவுக்கு மீறிக் குடித்துவிட்டுத் திங்கட்கிழமை தாறுமாறான துடிப்போடு வருவதற்கு 'விடுமுறை நாள் இதயம்' என்று 1978-லேயே பெயர் வைத்துவிட்டார்கள். காபியை எல்லோரும் முதலில் குற்றம் சாட்டுவார்கள். அளவான ஃபில்டர் காபி பெரும்பாலோருக்குத் துடிப்பைக் கெடுப்பதில்லை. குடித்ததும் படபடக்கிறது என்று தெரிந்தவர் குறைத்துக்கொண்டால் சரி.

உப்புகளின் அளவு இன்னொன்று. கடும் பேதி, நீர் பிரிக்கும் மாத்திரை இரண்டும் பொட்டாசியத்தை இறக்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது எகிறும். உடம்புக்குக் குளிர்ச்சி என்று அவர்களுக்கு அன்போடு வெட்டிக் கொடுக்கும் இளநீர், பொட்டாசியத்தை மேலும் ஏற்றி இதயத்தை நிறுத்தவும் கூடும்.

பிறகு மருந்துகள். மூக்கடைப்பு மாத்திரைகள் சில துடிப்பை விரட்டும். அசித்ரோமைசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் துடிப்புக்குப் பின் இதயம் மின் ஓய்வுக்குத் திரும்பும் நேரத்தை நீட்டக்கூடியவை. அந்த நேரம் ஏற்கெனவே பிறவியில் நீண்டிருப்பவருக்கு இது ஆபத்தாகும். கேஸ் என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் கிடைக்கும் மாத்திரைகளில் பேன்டோபிரசோலுடன் டோம்பெரிடோன் சேர்ந்த வகை மிகப் பிரபலம். அந்த டோம்பெரிடோனும் இதே நேரத்தை நீட்டும் மருந்துதான். ஐரோப்பாவில் 2014-இல் அதன் அளவையும் நாட்களையும் கட்டுப்படுத்தினார்கள். இங்கே படபடப்பைக் கேஸ் என்று எண்ணி, சீட்டு இல்லாமல் வாங்கி, மாதக்கணக்கில் விழுங்குகிறோம்.

தொண்டைப்புண்ணில் தொடங்கும் வழி

மேலை நாட்டுக் கட்டுரைகளைப் படித்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் முதியோர் நோய் என்றே தோன்றும். நம் ஊர்க் கதை அதுவல்ல. பல நாடுகளில் நடந்த ஒரு பெரிய பதிவாய்வில், இந்தத் துடிப்புக் கோளாறோடு வந்த வட அமெரிக்கர்களில் 2.2 சதவீதம் பேருக்குத்தான் ருமாட்டிக் இதயநோய் இருந்தது. இந்தியர்களில் 31.5 சதவீதம் பேருக்கு இருந்தது.

ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுக்கும் வீடுகளில் ஒரு பெண் குழந்தைக்குத் தொண்டைப்புண் வரும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி. சரியான சிகிச்சை இல்லாவிட்டால் சிலருக்குச் சில வாரங்கள் கழித்துக் காய்ச்சலும், முட்டிக்கு முட்டி தாவும் வலியும் வரும். முட்டிவலி தானாகப் போய்விடும். இதய வால்வில் விழுந்த வடு போகாது; அதுதான் ருமாட்டிக் இதயநோய். இருபது வருடம் கழித்து, அந்தப் பெண்ணுக்குத் திருமணமாகிப் பிள்ளை உண்டாகியிருக்கும்போது, சுருங்கிய மைட்ரல் வால்வுக்குப் பின்னால் மேலறை வீங்கி நடுங்கத் தொடங்கும். சிறு வயதில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட்டிருக்க வேண்டிய பென்சிலின் ஊசியை, வலிக்கிறது என்றோ, குழந்தை நன்றாகத்தானே ஓடியாடுகிறது என்றோ நிறுத்தியிருப்பார்கள்.

இவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் தருகிறார்கள். அடிக்கடி ரத்தம் எடுத்து ஐஎன்ஆர் என்ற அளவைப் பார்க்க வேண்டும். பெரும்பாலோருக்கு 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு சோதனையும் ஒரு நாள் சம்பளம். சோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகள் வந்தபோது, இவர்களுக்கும் விடிவு என்றுதான் பலரும் நினைத்தோம். 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு அந்த எண்ணத்தைக் கவிழ்த்தது. 24 நாடுகளில் 4,500-க்கும் மேற்பட்ட ருமாட்டிக் நோயாளிகள். பெரும்பாலோர் பெண்கள், சராசரி வயது 50. புதிய மருந்தான ரிவராக்சபான் சாப்பிட்டவர்களைவிட, வார்ஃபரின் வகை மருந்து சாப்பிட்டவர்களில்தான் இறப்பு குறைவாக இருந்தது. ரத்தக்கசிவும் கூடவில்லை. ஆகவே வால்வு சுருங்கியவர்கள், பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் விலை கூடிய மாத்திரைக்குத் தாமாக மாறக் கூடாது. கீரையை அடியோடு விலக்கவும் வேண்டாம். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்ற ஏற்ற இறக்கம்தான் ஐஎன்ஆரை ஆட்டும்.

ஓடும்போதே பிடிப்பது

ஜீவனஹள்ளியிலிருந்து ஜெயதேவா இருக்கும் பன்னர்கட்டா சாலைக்கு நகரையே குறுக்காகக் கடக்க வேண்டும். மாலை நெரிசலில் போய்ச் சேர்வதற்குள் எஸ்விடி நின்றிருக்கும், இசிஜி நார்மலாக வரும், மறுபடி டென்ஷன் என்ற பதிலோடு திரும்ப வேண்டியிருக்கும். ஆகவே படபடப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது பெயர்பெற்ற மருத்துவமனையைத் தேட வேண்டாம். இசிஜி இயந்திரம் உள்ள மிக அருகிலுள்ள இடத்துக்குப் போங்கள். தெருமுனை நர்சிங்ஹோம் ஆகட்டும், சிவாஜிநகர் பௌரிங் அரசு மருத்துவமனை ஆகட்டும். அப்போது எடுத்த தாளைத் தொலைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கைப்பேசியில் படமும் எடுத்துவிடுங்கள். இசிஜி தாளில் பதிந்த கோடுகள் நாளடைவில் மங்கிவிடும். ஆறு மாதம் கழித்து நிபுணரிடம் போகும்போது, அந்த ஒரு தாள் பத்தாயிரம் ரூபாய்ச் சோதனைகளைவிட உதவும்.

அதற்கும் வழி இல்லையென்றால் நாடியைப் பிடியுங்கள். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல்களை மெதுவாக வைத்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒழுங்கின்மை தப்பிவிடும். எண்ணிக்கை, சீரா இல்லையா, எத்தனை மணி, என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். அறுபது வயது தாண்டிய பெற்றோருக்கு மாதம் ஒருமுறை பிள்ளைகளே பிடித்துப் பார்க்கலாம்.

தினமும் வருபவருக்கு, 24 மணி நேரம் நெஞ்சில் கட்டி அனுப்பும் ஹோல்டர் என்ற இசிஜி கருவி பொருத்தம். மாதம் ஒருமுறை வருபவருக்கு அது வீண்செலவு. வாரக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும் பட்டை வேண்டும். கைக்கடிகார இசிஜியும் உதவும், பெங்களூருவில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்த 2019 அமெரிக்க ஆய்வில், கடிகாரம் எச்சரித்தது அரை சதவீதம் பேரைத்தான். இளம் வயதினர் நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தால் பதற்றம்தான் மிஞ்சும். படபடக்கும்போது மட்டும் விரலை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும்.

காத்திருக்கக் கூடாதபோது

படபடப்போடு மயக்கம், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் 108-ஐ அழையுங்கள், நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஓடும்போதோ விளையாடும்போதோ திடீர் சத்தம் கேட்டோ மயங்கி விழுந்த பிள்ளையை, காலையில் சாப்பிடவில்லை என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். வலிப்பு என்று மருந்து சாப்பிடும் சிலருக்கு உண்மையில் இருப்பது துடிப்புக் கோளாறு.

ஒருவர் விழுந்து, கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு இல்லை அல்லது விட்டு விட்டுத் திணறுகிறது என்றால் அது இதய நிறுத்தம். தண்ணீர் தெளிப்பதும் கையில் சாவி கொடுப்பதும் நேரத்தைத் தின்னும். ஒருவர் 108-க்குப் பேசட்டும். மற்றவர் நெஞ்சுக்கூட்டின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். நடுங்கும் கீழறையை நிறுத்தி மறுபடி ஒழுங்காக்குவது மின் அதிர்ச்சி மட்டுமே. அது கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறையும். கையால் அழுத்திக்கொண்டிருந்தால் அந்தச் சரிவு மெதுவாகும். புனித் ராஜ்குமார் பெயரில் கர்நாடக அரசு நடத்தும் இருதய ஜோதி திட்டம், தாலுகா மருத்துவமனைகளில் மாரடைப்பைக் கண்டறிந்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை இலவசமாகப் போடுகிறது. தானாக அளந்து அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவிகளைப் பொது இடங்களில் வைப்பதாகவும் அரசு அறிவித்திருக்கிறது. கருவியை எடுத்துவரப் போகிறவர் போய்வரும் வரை அழுத்துவதை நிறுத்தக் கூடாது.

வீட்டில் யாராவது நாற்பது வயதுக்கு முன்பே காரணம் தெரியாமல் திடீரென்று இறந்திருந்தால், உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒருமுறை இசிஜியும் எக்கோவும் எடுத்து இதய நிபுணரிடம் காட்டட்டும். இறந்தவர் கடைசியாக என்ன செய்துகொண்டிருந்தார், முன்பு எப்போதாவது மயங்கி விழுந்திருந்தாரா என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி எடுத்துப் போவது நல்லது. பழைய இசிஜி தாள் ஏதாவது பீரோவில் கிடந்தால் அதையும்.